ஷெஃபீல்டில் எங்கே தங்குவது: விடுதியா, தனியார் கட்டடமா, பகிர்ந்த வீடா?

ஜூன் பிறந்துவிட்டால் எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான். "அக்கா, ஷெஃபீல்டில் சீட் கிடைத்துவிட்டது. ரூம் எது எடுக்கட்டும்?" கூடவே நான்கு இணைப்புகள் அனுப்புவார்கள். நான்கிலும் வார வாடகை பெரிய எழுத்தில் இருக்கும். எது குறைச்சலோ அதை எடுத்துக்கொள்ளலாமா என்பார்கள்.

அந்த நான்கு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. முதுநிலை படித்த ஆண்டு நான் பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். பிறகு ஆய்வுப் படிப்பின் ஆண்டுகளைப் பகிர்ந்த வீடுகளில் கழித்தேன். நெருங்கிய தோழி ஒருத்தி நகர மையத்தில், ஒரு தனியார் மாணவர் கட்டடத்தில் ஸ்டுடியோ (அடுப்பும் குளியலறையும் உள்ளேயே இருக்கும் தனி அறை) எடுத்திருந்தாள். மூன்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: விளம்பரத்தில் இருக்கும் வார வாடகைக்கும், ஆண்டு முடிவில் உங்கள் கணக்கிலிருந்து போயிருக்கும் தொகைக்கும் சம்பந்தம் குறைவு. அதைவிட முக்கியம், இந்தத் தேர்வு பணத்தோடு நிற்பதில்லை. எதைச் சமைத்துச் சாப்பிடுவீர்கள், யாரோடு பேசுவீர்கள், டிசம்பர் மாத இருட்டில் மனம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் இதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

ஷெஃபீல்டு, இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐந்தரை லட்சம் பேர் வாழும் ஊர். 1913-இல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கிய ஊர். ஷெஃபீல்டு பல்கலைக்கழகம், ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகம் என்று இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஊரின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. மாணவர் விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுக்கான கையிருப்பாக லண்டனில் மாதம் 1,529 பவுண்டு காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு போதும், ஒன்பது மாதத்துக்கு 10,539. ஷெஃபீல்டில் அந்தத் தொகைக்குள் வாழ முடியும். ஆனால் முடிவதும் முடியாததும் வாடகையில்தான் இருக்கிறது.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

ஆண்டு மொத்தம். வார வாடகையை ஒப்பந்த வாரங்களால் பெருக்குங்கள். பில்கள் சேர்த்தியா தனியா என்று பாருங்கள். 42 வார ஒப்பந்தமும் 52 வார ஒப்பந்தமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும்போது வார வாடகை ஏமாற்றிவிடும்.

சமையலறை. நம் ஆட்கள் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். முதலில் வைக்க வேண்டியது இதுதான். வெளியே ஒரு வேளை சாப்பிட 10 முதல் 15 பவுண்டு ஆகிவிடும். வீட்டில் சமைப்பவரின் பட்ஜெட்டும் சமைக்காதவரின் பட்ஜெட்டும் ஆண்டு முடிவில் ஆயிரம் இரண்டாயிரம் பவுண்டு விலகி நிற்கும். எத்தனை பேருக்கு ஒரு அடுப்பு, ஃப்ரிட்ஜில் உங்களுக்கு எத்தனை தட்டு, ஃப்ரீசரில் இடம் உண்டா என்று கேட்டே தீர வேண்டும்.

ஏற்றம். ஷெஃபீல்டு ஏழு குன்றுகளின் மேல் கட்டிய ஊர் என்று சொல்வார்கள். வரைபடத்தில் ஒரு மைல் என்பது அங்கே காலுக்கு ஒரு மைல் இல்லை. வாக்லி பக்கம் பிளேக் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இருக்கிறது. நடைபாதையோடு கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள், அத்தனை செங்குத்து. ஷெஃபீல்டு பல்கலையின் மேலாண்மைப் பள்ளி இருக்கும் கான்டுயிட் ரோடும் மூச்சு வாங்க வைக்கும். காலையில் வெறும் பையோடு ஏறுவது வேறு, மாலையில் ஐந்து கிலோ அரிசியோடு ஏறுவது வேறு.

வெளியே வரும் வழி. விசா மறுக்கப்பட்டால்? கூட இருப்பவர்களோடு ஒத்துவராவிட்டால்? வேறு ஊரில் வேலை கிடைத்தால்? ஒப்பந்தத்தை முறிக்க முடியுமா, எவ்வளவு இழப்பு என்பது கையெழுத்துக்கு முன்பே தெரிய வேண்டும்.

இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு உதாரணக் கணக்குப் போடலாம். கீழே இருக்கும் வாடகைகள் பெருக்கிக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் இணைப்பில் இருக்கும் எண்ணை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

| தேர்வு | வார வாடகை | வாரங்கள் | பில்கள் | ஆண்டு மொத்தம் |
|---|---|---|---|---|
| பல்கலை விடுதி, இளநிலை ஒப்பந்தம் | £140 | 42 | சேர்த்தி | £5,880 |
| பல்கலை விடுதி, முதுநிலை ஒப்பந்தம் | £140 | 51 | சேர்த்தி | £7,140 |
| தனியார் கட்டடம், பொதுச் சமையலறை | £135 | 51 | சேர்த்தி | £6,885 |
| தனியார் கட்டடம், ஸ்டுடியோ | £190 | 51 | சேர்த்தி | £9,690 |
| பகிர்ந்த வீடு | £95 | 52 | வாரம் £18 | £5,876 |
| வீட்டுக்காரரோடு ஒரு அறை | £110 | 52 | சேர்த்தி | £5,720 |

முதல் வரியையும் ஐந்தாம் வரியையும் சேர்த்துப் பாருங்கள். வாரம் 45 பவுண்டு வித்தியாசம் என்று தோன்றிய இரண்டு இடங்கள், ஆண்டு முடிவில் நான்கு பவுண்டு வித்தியாசத்தில் வந்து நிற்கின்றன. கோடையில் ஊருக்குத் திரும்பும் இளநிலை மாணவருக்கு விடுதி அப்படி ஒன்றும் விலை உயர்ந்ததில்லை. ஆகஸ்ட் முழுக்க ஆய்வேடு எழுதும் முதுநிலை மாணவருக்கு அதே விடுதி 1,200 பவுண்டுக்கு மேல் கூடுதல்.

## பல்கலைக்கழக விடுதி

ஷெஃபீல்டு பல்கலையின் பெரிய விடுதி வளாகங்கள் எண்ட்கிளிஃப், ரான்மூர் இரண்டும் ஊரின் மேற்கே, மரங்கள் அடர்ந்த பகுதியில் இருக்கின்றன. எண்ட்கிளிஃபிலிருந்து வகுப்புக்கு இருபது, இருபத்தைந்து நிமிட நடை. ரான்மூரிலிருந்து அரை மணி நேரம். அங்கே பெரும்பாலும் முதலாண்டு இளநிலைப் பிள்ளைகள்தான். முதுநிலைக்காரர்களுக்கு நகர மையத்தை ஒட்டித் தனிக் கட்டடங்கள் உண்டு. ஹாலமின் கதை வேறு: அவர்கள் பெரும்பாலும் தனியார் விடுதிகளோடு ஒப்பந்தம் வைத்து அறை தருகிறார்கள். ஆகவே ஹாலம் மாணவர்கள் அடுத்த பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விடுதியின் பெரிய வசதி நிம்மதி. மின்சாரம், ஹீட்டிங், தண்ணீர், இணையம் எல்லாம் வாடகைக்குள். ஹீட்டர் கெட்டுப்போனால் ஒரு மின்னஞ்சல் போதும். போலி வீட்டுக்காரரிடம் பணத்தைப் பறிகொடுக்கும் பயம் இல்லை. பல்கலை ஏற்பாடு செய்யும் அறைக்கு முன்கூட்டியே கட்டிய தொகையை, விசாவுக்குக் காட்ட வேண்டிய பணத்திலிருந்து ஒரு வரம்பு வரை கழித்துக்கொள்ளலாம். தனியார் வீட்டுக்குக் கட்டினால் அந்தச் சலுகை இல்லை. வங்கிக் கடனில் வருபவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மறைந்திருக்கும் செலவுகள் இவை. துணி துவைக்கக் கட்டணம் உண்டு. துவைத்து உலர்த்த நான்கைந்து பவுண்டு ஆகலாம். வாரம் ஒருமுறை என்றால் நாற்பது வாரத்தில் 160 முதல் 200 பவுண்டு. சமையலறையில் அடுப்பும் ஃப்ரிட்ஜும் இருக்கும், பாத்திரம் ஒன்றும் இருக்காது. போர்வை, தலையணை, குக்கர், தட்டு என்று முதல் வாரமே நூறு பவுண்டு போய்விடும். பிபிசி ஐபிளேயரோ நேரலை தொலைக்காட்சியோ பார்ப்பதென்றால் உங்கள் அறைக்கென்று தனியாக டிவி லைசன்ஸ் எடுக்க வேண்டும், ஆண்டுக்கு 170 பவுண்டுக்கு மேல்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. 51 வாரம் என்றால் ஒப்பந்தம் பெரும்பாலும் செப்டம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஆய்வேட்டை ஒப்படைப்பதும் அதே சமயம்தான். தேர்வு முடிவு வந்து அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் வரை தங்க இடம் வேண்டும். அந்த இரண்டு மூன்று மாதத்துக்கான பணத்தை இப்போதே கணக்கில் எழுதிவிடுங்கள்.

சமையல் விஷயத்தில் விடுதி நம்மைக் கொஞ்சம் கட்டிப்போடும். நான் விடுதியில் சேர்ந்த ஆண்டு, அக்டோபரில் ஒரு இரவு பத்தரை மணி. பக்கத்து அறைப் பெண் ரசத்துக்குத் தாளிக்கக் கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் போட்டாள். கையில் கிண்ணங்கள் இருந்ததால் சமையலறைக் கதவைக் காலால் திறந்து, மூடாமல் விட்டுவிட்டாள். புகை நடைபாதைக்கு வந்தது. அங்கேதான் புகை உணரும் கருவி இருக்கிறது. கட்டடம் முழுக்க மணி அடித்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் குளிரில் வெளியே நின்றோம். ஈரத் தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர், தூங்கியிருந்த கண்ணோடு பலர். அந்தப் பெண் அதன்பின் மூன்று வாரம் ரொட்டியும் முட்டையும் மட்டும் சாப்பிட்டாள். அது எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. யாராவது முதல் நாளே "கதவை மூடிவிட்டு, எக்ஸாஸ்ட் போட்டுவிட்டு, மிதமான சூட்டில் தாளி" என்று சொல்லியிருந்தால் போதும். நான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.

## தனியார் மாணவர் கட்டடம்

வெஸ்ட் ஸ்ட்ரீட், தி மூர், ரயில் நிலையத்தைச் சுற்றி உயரமான மாணவர் கட்டடங்கள் நிறைய வந்துவிட்டன. ஹாலமின் நகர வளாகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஹாலம் மாணவர்களுக்குப் படுக்கையிலிருந்து வகுப்புக்குப் பத்து நிமிடம். ஷெஃபீல்டு பல்கலை மாணவர்களுக்கு நகரின் மேற்குப் பக்கம் எடுத்தால் நல்லது. ரயில் நிலையத்தருகே எடுத்தால் தினமும் இருபத்தைந்து நிமிடம் மேடேற வேண்டும், அல்லது டிராம் பிடிக்க வேண்டும்.

இதில் இரண்டு வகை. ஐந்தாறு அறைகளுக்கு ஒரு பொதுச் சமையலறை, ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை என்பது ஒன்று. வாழ்க்கை ஏறக்குறைய பல்கலை விடுதி போலத்தான். சில கட்டடங்களில் வாடகை அதைவிடக் குறைவாகவும் கிடைக்கும்.

மற்றொன்று ஸ்டுடியோ: கட்டில், மேசை, அடுப்பு, குளியலறை எல்லாம் ஒரே அறைக்குள். படத்தில் பார்த்தால் கண்ணைக் கவரும். என் தோழி அதைத்தான் எடுத்தாள். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே ஆறடி. மீன் குழம்பு வைத்தால் மறுநாள் வகுப்புக்குப் போடும் கோட்டில் வாசனை இருக்கும். ஜன்னலோ நான்கு விரல் அகலம்தான் திறக்கும், பாதுகாப்புக்காக அப்படிப் பூட்டியிருக்கிறார்கள். நவம்பருக்குள் அவள் குழம்பு வைப்பதையே விட்டுவிட்டாள். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்து கதவைச் சாத்தினால், திங்கள் காலை வரை யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த வாரங்கள் உண்டு என்று பிப்ரவரியில்தான் எங்களிடம் சொன்னாள். தனிமையைத் தாங்குகிறவள் என்றுதான் அவளும் தன்னை நினைத்திருந்தாள். பொதுச் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது "இன்றைக்கு எப்படிப் போச்சு" என்று கேட்க ஒரு ஆள் இருப்பதன் மதிப்பு வாடகைப் பட்டியலில் வராது.

பணம் கட்டும் முறையையும் கவனியுங்கள். பிரிட்டனில் வசிக்கும் ஒருவர் ஜாமீன் நின்றால் மூன்று நான்கு தவணையாகக் கட்டலாம். ஜாமீன் இல்லையென்றால் பெருந்தொகையை, சில இடங்களில் ஆண்டு முழுவதற்கும், முன்கூட்டியே கேட்பார்கள். ஜாமீன் தரும் நிறுவனங்களை நாடினால் அதற்குக் கட்டணம் தனி. பதிவு செய்யும்போது "விசா கிடைக்காவிட்டால் பணம் வேண்டாம்" என்ற விதி இருக்கிறதா, மறுப்புக் கடிதத்தை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று படியுங்கள். தேதி தவறினால் விதி இருந்தும் பயனில்லை. உள்ளே வந்தபிறகு விட்டுவிட்டுப் போக வேண்டுமென்றால், உங்கள் இடத்துக்கு வேறொரு மாணவரைப் பிடித்துத் தருவது ஒன்றுதான் பெரும்பாலும் வழி.

ஸ்டுடியோ பொருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். துணையோடு வரும் ஆய்வு மாணவர்கள் அதில் முதல். 2024 ஜனவரி முதல் தொடங்கிய வகுப்பு வழி முதுநிலைக்குத் துணையை அழைத்துவர முடியாது, ஆய்வுப் படிப்புக்கு முடியும். உணவில் கண்டிப்பான ஆசாரம் உள்ளவர்கள், சின்னச் சத்தத்துக்கும் தூக்கம் கலைகிறவர்கள் இவர்களுக்கும் சரி. இரண்டு பேர் தங்க ஒப்பந்தத்தில் இடமிருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

## பகிர்ந்த வீடு

என் மனம் சாய்வது இதன் பக்கம்தான். அதனாலேயே இதன் குறைகளைக் கூடுதலாகச் சொல்லப் போகிறேன்.

குரூக்ஸ்மூர், குரூக்ஸ், வாக்லி, ஷாரோ, எக்லசால் ரோட்டை ஒட்டிய தெருக்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய பழைய வரிசை வீடுகள். பல வீடுகள் விக்டோரியா காலத்தவை. கீழே ஒரு அறை, மேலே இரண்டு, பரண் மேல் ஒன்று என்று நான்கைந்து பேர் இருப்பார்கள். குரூக்ஸுக்கு 52-ஆம் எண், வாக்லிக்கு 95-ஆம் எண் பேருந்து. 2025 ஜனவரியிலிருந்து பேருந்தில் ஒரு முறை பயணத்துக்கு உச்ச வரம்பு 3 பவுண்டு. தினமும் போய்வர ஆறு பவுண்டு என்று வைத்தால், ஏற்றத்துக்குப் பயந்து பேருந்து பிடிப்பவர் வாடகையில் மிச்சப்படுத்தியதை அங்கே விட்டுவிடுவார். நடக்கக்கூடிய தூரத்தில் எடுங்கள், இல்லையென்றால் மாத பாஸ் விலையை வாடகையோடு கூட்டுங்கள். லண்டன் ரோடும் ஷாரோவும் மளிகைக்கு நல்ல பக்கம், ஆசியக் கடைகள் நிறைய. மீனும் காய்கறியும் வாங்க தி மூரில் இருக்கும் மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம்.

வீடு பார்க்கப் போனால் மழைக்காலத்தில், அதுவும் ஜனவரியில் போங்கள். நான் முதல் வீட்டை ஜூலையில் பார்த்தேன். வெயிலில் பளிச்சென்று இருந்தது. நவம்பரில் அலமாரியை நகர்த்தியபோது பின்சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை, உள்ளே தொங்கவிட்டிருந்த கம்பளிக் கோட்டின் முதுகில் பச்சை படர்ந்திருந்தது. ஏஜென்சிக்கு நான்கு முறை எழுதினேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று பதில் வந்தது. அடுத்த வீட்டைப் பார்க்கப் போனபோது சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெளிச்சுவர் குளிர்ச்சியாக இருக்கலாம், பிசுபிசுக்கக் கூடாது. அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். புதிதாக வெள்ளையடித்த ஒரே ஒரு மூலை இருந்தால் சந்தேகப்படுங்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னலா, பாய்லர் எவ்வளவு பழசு, ஹீட்டிங்குக்குக் கடந்த குளிர்காலத்தில் எவ்வளவு ஆனது என்று அங்கே இருக்கும் மாணவர்களிடமே கேளுங்கள். உண்மையைச் சொல்வார்கள்.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் பலமாகவே இருக்கிறது. அட்வான்ஸ் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாரம் 95 என்றால் 475 பவுண்டு. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு, விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். அறையைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரோ அதற்கு மேலோ இருக்கும் வீட்டுக்கு நகரசபை உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற வீட்டில் ஒருவர் படுக்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. எரிவாயுப் பாதுகாப்புச் சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

2026 மே 1 முதல் இங்கிலாந்தில் வாடகைச் சட்டம் பெரிதாக மாறியிருக்கிறது. பகிர்ந்த வீட்டுக்காரர் இனி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டியே கேட்க முடியாது. "ஜாமீன் இல்லையா, ஆறு மாதம் கட்டு" என்ற பேச்சு முடிந்தது. நிலையான ஓராண்டு ஒப்பந்தமும் போய்விட்டது. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீங்கள் கிளம்பலாம். விடுதியிலும் தனியார் கட்டடத்திலும் இல்லாத சுதந்திரம் இது.

ஆனால் அதே சட்டத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒருவர் நோட்டீஸ் கொடுத்தாலே எல்லோருடைய வாடகை உரிமையும் முடிவுக்கு வரலாம். ஒவ்வொரு அறைக்கும் தனி ஒப்பந்தம் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அடுத்தது இன்னும் முக்கியம்: முழுநேர மாணவர்கள் பகிரும் வீட்டை, ஜூன் முதல் செப்டம்பருக்குள் வரும் ஒரு தேதிக்கு, நான்கு மாத நோட்டீஸ் கொடுத்து வீட்டுக்காரர் திரும்பக் கேட்கலாம். முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இளநிலை மாணவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆய்வேட்டின் நடுவில் இருக்கும் முதுநிலை மாணவருக்கு ஜூன் 30 அன்று பெட்டியைத் தூக்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? "வரும் கோடையில் எந்தத் தேதிக்கு வீட்டைக் கேட்பீர்கள்" என்று எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஷெஃபீல்டில் மாணவர் வீடுகள் பலவற்றின் வாடகை ஜூலை 1-இல் தொடங்கும். நீங்கள் வருவதோ செப்டம்பர் நடுவில். காலி வீட்டுக்குப் பதினொரு வாரம், 95 வீதம் 1,045 பவுண்டு. சிலர் கோடைக்குப் பாதி வாடகை வாங்குவார்கள், சிலர் செப்டம்பரிலிருந்தே தருவார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

அப்புறம் கவுன்சில் டாக்ஸ், அதாவது குடியிருப்பவர் நகரசபைக்குக் கட்டும் வீட்டு வரி. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் அந்த வரி கிடையாது, அதற்குப் பல்கலை தரும் சான்றை நகரசபைக்கு அனுப்ப வேண்டும். ஒருவருக்குப் படிப்பு முடிந்து, வேலை தேடிக்கொண்டு அதே வீட்டில் தொடர்ந்தால் அந்த நாளிலிருந்து பில் வரும். எங்கள் வீட்டில் அக்டோபரில் அப்படி ஒரு கடிதம் வந்தது. யார் கட்டுவது என்று நான்கு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். படிப்பை முடித்த பையன் நல்லவன், தானே கட்டினான். முதல் மாதமே பேசியிருந்தால் அந்தச் சங்கடம் இருந்திருக்காது.

இத்தனைக்கும் பிறகும் ஏன் வீடு என்கிறேன் என்றால், எனக்கு ஊர் பிடித்துப்போனது அந்தச் சமையலறையில்தான். ஷெஃபீல்டு குளிரில் இட்லி மாவு புளிக்காது. மேசையில் வைத்தால் மூன்று நாளானாலும் அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் பாய்லர் ஒரு சின்ன அலமாரிக்குள் இருந்தது. துண்டு காயப்போடும் தட்டில், பாய்லருக்கு மேலே பாத்திரத்தை வைத்தோம். மறுநாள் காலை கதவைத் திறந்ததும் அந்தப் புளித்த வாசனை மாடிப்படி வரை வந்தது. போலந்துக்காரப் பெண்ணும் நைஜீரியாக்காரரும் என்னவென்று பார்க்க வந்தார்கள். அதன்பின் ஞாயிறு காலை என்றால் தோசைதான். நால்வரும் முறை வைத்துச் சமைத்ததில் என் சாப்பாட்டுச் செலவு விடுதியில் ஆனதைவிடப் பாதியாகக் குறைந்தது. மதியம் ரயிலேறி, பீக் டிஸ்ட்ரிக்டில் இருக்கும் ஹாதர்சேஜோ ஈடேலோ போய் மலையில் நடந்துவிட்டு வருவோம்.

## வீட்டுக்காரரோடு ஒரு அறை

இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட ஒரு தம்பதியோ, தனியாக இருக்கும் ஒருவரோ ஓர் அறையை வாடகைக்கு விடுவார்கள். வீடு சுத்தமாக இருக்கும், சூடாக இருக்கும், அமைதியாக இருக்கும். மாணவர் குடிவந்தாலும், தனியாக வாழும் வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் 25 சதவீத கவுன்சில் டாக்ஸ் தள்ளுபடி போகாது. இதை எடுத்துச் சொன்னால் வாடகை பேச இடம் கிடைக்கும்.

குறை என்னவென்றால் சட்டப் பாதுகாப்பு மிகக் குறைவு. அட்வான்ஸைப் பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. போகச் சொன்னால் குறுகிய அவகாசத்தில் போக வேண்டியதுதான். சமையலறை அவர்களுடையது. வெங்காயம் வதக்கும் வாசனை அவர்களுக்கு ஒத்துவருமா, இரவு ஒன்பது மணிக்கு மேல் சமைக்கலாமா, நண்பர்கள் வரலாமா என்று முதலிலேயே பேசுங்கள். ஆய்வேடு எழுதும் கடைசி மூன்று மாதத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. முதல் மூன்று மாதத்துக்கு நான் சொல்ல மாட்டேன், அப்போது உங்களுக்கு வேண்டியது உங்கள் வயதுக்காரர்கள்.

## யாருக்கு எது

பதினெட்டு வயதில் இளநிலைக்கு வருகிறவர் முதலாண்டு பல்கலை விடுதியில் இருக்கட்டும், இரண்டாம் ஆண்டு வீட்டுக்குப் போகலாம். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், நண்பர்கள் கிடைப்பதும் அந்த முதலாண்டில்தான்.

ஓராண்டு முதுநிலைக்கு வருகிறவருக்கு, ஊரிலிருந்தே பதிவு செய்ய வேண்டிய நிலையில், தனியார் கட்டடத்திலோ பல்கலை விடுதியிலோ பொதுச் சமையலறை உள்ள அறை. ஏற்கெனவே ஷெஃபீல்டில் நம்பிக்கையான ஆள் இருந்து, நேரில் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்க முடியுமென்றால் பகிர்ந்த வீடு. கடன் வாங்கி வருபவர் பகுதிநேர வேலையை நம்பி வாடகையை முடிவு செய்ய வேண்டாம். டேர்ம் நாட்களில், அதாவது விடுமுறை இல்லாத படிப்புக் காலத்தில், வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. 21 வயது நிறைந்தவருக்கு 2026 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு. முழுதாகக் கிடைத்தால் வாரம் 254. அந்த வேலை கிடைக்கவே பலருக்கு டிசம்பர் ஆகிறது, கிடைத்தாலும் 20 மணி நேரமும் கிடைப்பதில்லை.

ஆய்வு மாணவர், தனியாக வருகிறார் என்றால் தயங்காமல் வீடு. மூன்று நான்கு ஆண்டுகளை ஒரு அறைக்குள் கழிக்கக் கூடாது.

## பதிவு செய்யும் முன்

நவம்பரிலேயே அடுத்த ஆண்டு வீட்டுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி நெருக்குவது அங்கே பழைய வழக்கம். குடியேறும் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பே ஒப்பந்தம் போட்ட வீட்டுக்காரர், மாணவர் வீட்டைக் கோடையில் திரும்பக் கேட்கும் அந்த உரிமையைப் புதிய சட்டப்படி இழந்துவிடுவார். ஆகவே சீக்கிரம் கையெழுத்து வாங்குவதில் அவருக்கும் நஷ்டம் உண்டு. ஜனவரி வரை பொறுத்திருந்து பார்க்கலாம், நல்ல வீடு போய்விடும் என்று பதற வேண்டாம்.

ஊரில் இருந்துகொண்டு வீடு எடுக்கிறீர்கள், பார்க்க ஆளும் இல்லை என்றால், நேரலை வீடியோ அழைப்பில் காட்டாத வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள். பதிவு செய்த வீடியோ கணக்கில் வராது. அழைப்பில் வருகிறவரைத் தெருப் பெயர்ப் பலகையிலிருந்து நடக்கத் தொடங்கச் சொல்லுங்கள், அப்போது ஏற்றமும் தெரியும். உள்ளே வந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து உங்களுக்கான தட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக உங்கள் அறையில் அலமாரியை ஒரு அடி நகர்த்தி, கேமராவை அதன் பின்சுவரின் கீழ் மூலைக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். முடியாது என்றால் அடுத்த இணைப்பைத் திறந்துவிடுங்கள்.